கடலுக்குப் பேன் பார்ப்பது யார்?

போன தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு ராமேசுவரம் போய்விட்டுத் திரும்பும்போது மண்டபத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். பக்கத்து பெஞ்சில் இருந்த மீனவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கடலுக்குள் கூண்டு போட்டு கடல்விரால் வளர்க்கும் குழு ஒன்றில் அவரும் ஒரு பங்குக்காரர். தேவாரத்துக்காரன், ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். "அப்ப உங்களுக்குப் பூச்சித் தொல்லை, எங்களுக்குப் பேன் தொல்லை" என்று சிரித்தார்.

"மீனுக்குப் பேனா?"

"ஆமாண்ணே. பேனு இருக்கு, கண்ணுக்கே தெரியாத தட்டைப்புழு இருக்கு. மீனு வலையில போயி உரசும், இரை எடுக்காது, கண்ணு வெள்ளையாப் பூத்துரும். அப்பத் தெரிஞ்சுக்குவோம்."

"மீனுக்கு எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்ப்பீங்களா?"

"எண்ணுறதா? புடிச்சு நல்ல தண்ணியில முக்கி எடுப்போம். உப்புத்தண்ணிப் புழுவுக்கு நல்ல தண்ணி ஆகாது, உதிந்துரும்."

"யார்கிட்டயாவது சொல்வீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குண்ணே? சொன்னா யாவாரி விலையைக் குறைப்பான். அடுத்த கூண்டுக்காரன் உன்னாலதான் எனக்கும் வந்துச்சும்பான்" என்றார்.

அந்த மனிதரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்னது அப்படியே என் கதை. ஆண்டிபட்டி தாண்டி வீடு வருகிற வரைக்கும் அதே பேச்சுதான் தலைக்குள் ஓடியது. மலையடிவாரத்து ஏலக்காய்க்காரனுக்குக் கடல் மீன் பேனைப் பற்றி என்ன பேச்சு என்று நம் இதழை வாசிக்கும் உறவுகள் கேட்கலாம். ஏலச்செடியைச் சொறியாக்கும் பூச்சிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் இலைப்பேன். பேன் இலையில் இருந்தாலும் மீனில் இருந்தாலும், அதை எண்ணாமல், யாரிடமும் சொல்லாமல் மருந்தில் இறங்குகிறவன் கடைசியில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்.

பேன் பெருகுவது எப்படி?

கடல் பேன் என்பது பூச்சி இல்லை. இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்த சின்ன உயிர். மீனின் தோலையும் சளியையும் இரத்தத்தையும் தின்று வாழும். பெண் பேன் வால் பக்கம் இரண்டு முட்டைச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு திரியும். ஒவ்வொரு சரத்திலும் நூற்றுக்கணக்கில் முட்டை. பொரித்து வரும் குஞ்சு நீரோட்டத்தோடு கிலோமீட்டர் கணக்கில் மிதந்துபோய், கிடைத்த மீனில் ஒட்டிக்கொள்ளும்.

காட்டு மீனுக்கும் பேன் உண்டு, ஆதிகாலத்திலிருந்தே உண்டு. ஆனால் பரந்த கடலில் ஒரு மீனை விட்டு இன்னொரு மீனைத் தேடிப் பிடிப்பது பேனுக்குச் சுலபமில்லை. அதனால் அளவோடு இருந்தது. ஒரு வலைக்கூண்டுக்குள் ஆயிரக்கணக்கில் மீனை அடைத்தால் பேனுக்குத் தினமும் கல்யாணச் சாப்பாடு. ஒரே பயிரை ஆயிரம் ஏக்கரில் நட்டுவிட்டு, பூச்சி வந்துவிட்டது என்று தலையில் கைவைக்கிறோமே, அதேதான்.

நம் பக்கத்துச் சூடான கடலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்த மீனவர் சொன்ன தட்டைப்புழு, தண்ணீரின் சூடு கூடக்கூட வேகமாகப் பெருகும். முட்டையிலிருந்து முட்டையிடும் புழுவாக வளர பத்துப் பதினைந்து நாள் போதும். அதன் முட்டையில் நூல் மாதிரி ஒரு வால் இருக்கும், அது வலையில் சிக்கிக்கொள்ளும். மீனை நல்ல தண்ணீரில் முக்கினால் புழு செத்துவிடும், வலையில் சிக்கிய முட்டைக்கு ஒன்றும் ஆகாது. குளிப்பாட்டிய மீனை அதே வலைக்குள் விட்டால் இரண்டு வாரத்தில் பழைய கதை. குளிப்பாட்டியதற்குப் பிறகு எத்தனை நாளில் எத்தனை புழு திரும்பி ஏறுகிறது என்று எண்ணுகிறவனுக்குத்தான் வலையை எப்போது மாற்ற வேண்டும் என்பது தெரியும். எண்ணாதவனுக்கு மறுபடி மீன் உரசும்போதுதான் தெரியும்.

வாராவாரம் எண்ணுகிற நாடு

நார்வேயில் சால்மன் மீனைக் கடலில் கூண்டு போட்டு வளர்ப்பது பெரிய தொழில். ஒரே கூண்டில் 2 லட்சம் மீன் வரைக்கும் விடலாம் என்பது அங்கே சட்ட வரம்பு. அத்தனை மீன் இருக்கும் இடத்தில் பேன் எப்படிப் பெருகும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே சட்டம் இப்படி இருக்கிறது. கடல் தண்ணீரின் சூடு 4 டிகிரிக்கு மேல் இருந்தால் 7 நாளுக்கு ஒரு முறை பேன் எண்ண வேண்டும். அதற்குக் கீழே போனால் 14 நாளுக்கு ஒரு முறை. கூண்டிலிருந்து சில மீன்களைப் பொறுக்காமல் பிடித்து, மயக்கம் கொடுத்து, உடம்பைப் புரட்டிப் பார்த்து ஒவ்வொரு பேனாக எண்ணுவார்கள். முட்டையிடும் பருவத்துப் பெண் பேன், சராசரியாக ஒரு மீனுக்கு 0.5-க்குமேல் போகக் கூடாது. அதாவது இரண்டு மீனுக்கு ஒரு பேன்! வசந்த காலத்தில் காட்டு சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆறு வாரத்துக்கு வரம்பு இன்னும் இறுகி 0.2 ஆகிவிடும். ஐந்து மீனுக்கு ஒரு பேன். அந்தக் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். நாலைந்து பேன் ஏறினாலே தாங்காது.

எண்ணியதை வாராவாரம் அரசுக்குச் சொல்ல வேண்டும். அதோடு முடியவில்லை. எந்தப் பண்ணையில் இந்த வாரம் எத்தனை பேன், என்ன மருந்து போட்டார்கள் என்பதையெல்லாம் வரைபடத்தில் பண்ணை பண்ணையாகப் போட்டு எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன், மீனவன், பள்ளிக்கூடத்துப் பையன் யாரும் பார்க்கலாம்.

அயர்லாந்தில் இன்னொரு வழி. 1991-லிருந்து பண்ணைக்காரர் எண்ணுவதோடு விடாமல், அரசின் கடல் ஆய்வு நிறுவனத்து ஆட்களே நேரில் போய் எண்ணுகிறார்கள். ஒரு பண்ணைக்கு வருசத்துக்கு 14 தடவை. ஸ்காட்லாந்தில் ரொம்ப நாள் பண்ணைக்காரர் சங்கங்கள் தாங்களே விரும்பி வெளியிட்டதுதான் கணக்கு. 2021 மார்ச்சிலிருந்து அங்கேயும் வாராந்திர எண்ணிக்கையைச் சொல்வது சட்டப்படி கட்டாயமாகிவிட்டது.

எண்ணினால் மட்டும் போதுமா?

இதோடு நிறுத்தினால் நான் வெள்ளைக்காரன் புகழ் பாடியவன் ஆகிவிடுவேன். பாதி உண்மைதான் சொன்னதாகவும் ஆகிவிடும். வாராவாரம் எண்ணும் நார்வேயில் இன்றைக்கும் பேன் ஒழியவில்லை. எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் மருந்து போடு என்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. மருந்து என்ன ஆனது என்று பாருங்கள்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் தீவனத்தில் கலந்து கொடுக்கும் ஒரு மருந்து பேனுக்கு வந்தது. அதன் பெயர் எமாமெக்டின் பென்சோயேட். பெயரைக் கேட்டதும் நம்ம ஆட்களுக்குத் தூக்கிவாரிப் போடும். மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கும் கத்தரியில் காய்ப்புழுவுக்கும் நம்ம கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறாரே, அதே சரக்கு. முதலில் அருமையாகக் கேட்டது. எல்லாரும் அதையே கொடுத்தார்கள். பத்து வருசத்துக்குள் பேன் பழகிவிட்டது. அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து என்று போனார்கள். பேன் தோல் உரிப்பதைத் தடுக்கும் மருந்து ஒன்று. கடலுக்கடியில் கிடக்கும் இறாலும் நண்டும்கூடத் தோல் உரித்துத்தானே வளர்கின்றன? மருந்துக்கு எது பேன், எது இறால் என்று தெரியாது. நாம் இலைப்பேனுக்கு அடித்த மருந்தில் ஏலப்பூவுக்கு வந்த தேனீ சாகிறதே, அதே கணக்கு. தேனீ வராத ஏலத்தில் காய் பிடிக்காது என்பது மலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

பிறகு மருந்தை விட்டு வேறு வழிக்குப் போனார்கள். பேனைக் கொத்தித் தின்னும் சின்ன மீன்களைக் கூண்டுக்குள் விட்டார்கள், ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். கேட்கும்போது நம்ம இயற்கை வழி மாதிரி இனிக்கும். ஆனால் அந்தச் சின்ன மீன்கள் கூண்டுக்குள் தாக்குப்பிடிக்காமல் ஏராளமாகச் செத்தன. நன்மை செய்யும் உயிரைக் கொண்டுவந்து அதற்கு வாழ இடம் கொடுக்காமல் விட்டால் அது உயிரியல் கட்டுப்பாடு ஆகாது. அதுவும் ஒரு மருந்துப் புட்டிதான். இப்போது மீனைச் சூடான தண்ணீரில் சில நொடி விட்டு எடுக்கிறார்கள். அதிலும் மீன் அடிபட்டுச் சாகிறது.

இத்தனைக்கும் நடுவில் 2017-ல் நார்வே செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடற்கரையை 13 பகுதியாகப் பிரித்து, சாலை விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் வைத்தார்கள். ஒரு பகுதியின் பண்ணைப் பேனால் காட்டு சால்மன் குஞ்சு எவ்வளவு சாகிறது என்று கணக்குப் பார்த்து நிறம் கொடுப்பார்கள். பச்சை என்றால் உற்பத்தியை 6 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் அப்படியே இருக்க வேண்டும். சிவப்பு என்றால் 6 சதவீதம் குறைக்க வேண்டும். 2020-ல் முதல் தடவையாகச் சிவப்புப் பகுதிகளில் குறைக்கச் சொன்னார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. முதல் நீதிமன்றத்தில் அரசு பக்கமே தீர்ப்பு வந்தது.

6 சதவீதம் போதுமா போதாதா என்பது வேறு சண்டை. இதில் நமக்கு வேண்டிய விசயம், பேன் கூடினால் மருந்தைக் கூட்டு என்ற இடத்திலிருந்து பேன் கூடினால் மீனைக் குறை என்ற இடத்துக்கு ஓர் அரசாங்கம் வந்திருக்கிறது என்பதுதான். அதற்கு ஆதாரமாக நின்றது வருசக்கணக்கில் வாராவாரம் எண்ணி வெளியே வைத்த கணக்கு. கணக்கு மட்டும் இல்லையென்றால், "எங்க பண்ணையில பேனே இல்லையே" என்று கம்பெனி சொல்லியிருக்கும். மீனவன் சொல்வதைப் பேனைப் பெருமாளாக்கும் பேச்சு என்று தள்ளியிருப்பார்கள்.

நம் கரையில் நடந்தது, நடப்பது

நம் கடலோரத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. 1990-களில் நாகை, தஞ்சைக் கரையோரம் நெல் வயலை அழித்து இறால் பண்ணை வந்தது. 1994-95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாகச் செத்தது. நோய் கண்ட குட்டைத் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் காலையில் அதே வாய்க்காலில் மோட்டார் வைப்பார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் மக்களைத் திரட்டி நடத்திய போராட்டமும், ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் நம் இயக்கத்து ஆட்கள் அறிந்தவை. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையம் சென்னையில் இருக்கிறது.

2009-க்குப் பிறகு வனாமி இறால் வந்தது. பின்னாலேயே இ.எச்.பி. என்ற ஒட்டுண்ணியும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத, பூஞ்சைக்கு உறவான நுண்ணுயிர். இறாலின் கல்லீரல் போன்ற உறுப்பில் புகுந்துகொண்டு சத்தை உறிஞ்சும். இது இறாலைக் கூட்டமாகக் கொல்லாது, வளரவிடாது. தீவனம் தின்கும், எடை ஏறாது. ஒரே குட்டையில் ஒன்று விரல் அளவு, ஒன்று சுண்டுவிரல் அளவு என்று நிற்கும். செத்தால் ஊருக்குத் தெரியும். வளராமல் நின்றால் பண்ணைக்காரருக்கு மட்டும்தான் தெரியும், கடன் ஏறுவதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். இதற்குக் கொடுத்துக் குணமாக்கும் மருந்து கிடையாது. குஞ்சு வாங்கும்போதே பி.சி.ஆர். சோதனை செய்து பார்ப்பது, குட்டையைக் காயவிட்டுச் சுட்ட சுண்ணாம்பு போட்டு மண்ணில் கிடக்கும் வித்துகளைக் கொல்வது, இவ்வளவுதான் வழி. பக்கத்துக் குட்டையில் இருக்கிறதா என்று தெரியாமல் இந்த வழியும் வேலைக்காகாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013-ல் தொடங்கியது. லக்னோவில் இருக்கும் தேசிய மீன் மரபணு வள நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. சென்னையில் இருக்கும் சிபா, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று பல நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. 2023 ஜூன் 28-ல் மீன் நோயை விவசாயியே கைபேசியில் தெரிவிக்கும் செயலி ஒன்றையும் மத்திய அமைச்சர் வெளியிட்டார். அதே 2023-ல் கடலோர ஆணையச் சட்டத்தைத் திருத்தி, கூண்டு மீன் வளர்ப்பையும் கடற்பாசி வளர்ப்பையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் வைத்தார்கள்.

மண்டபம் நிலையத்தில் 2010-ல் கடல்விராலைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து கூண்டு வளர்ப்பு நம் கரையில் பரவிவருகிறது. இன்றைக்குச் சின்னச் சின்னக் குழுக்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். கடலில் மீன் குறைந்துபோன மீனவக் குடும்பத்துக்கு இது ஒரு சோறு. ஆனால் லாபம் தெரிந்தால் கம்பெனி வரும், கூண்டு ஆயிரமாகும். வந்தபிறகு விதி போடுவது நடக்காத காரியம் என்பதை இறால் பண்ணையில் பார்த்துவிட்டோம். பக்கத்திலேயே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது. கூண்டுப் பேன் எல்லை பார்த்து நிற்காது. கரைவலை இழுக்கிறவருடைய மீனுக்கும் அது ஏறும்.

மறைத்தவன் நான்

செயலி இருக்கிறதே, விவசாயி ஏன் சொல்லுவதில்லை என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் என் தோட்டத்திலேயே இருக்கிறது.

சாக்கலூத்து மெட்டுக்கு அந்தப் பக்கம் எனக்குக் குத்தகைத் தோட்டம் இரண்டு ஏக்கர் உண்டு. சில வருசத்துக்கு முன்னால் நாலு தூரில் கட்டே நோய் கண்டது. இளம் இலையில் வெளிர்பச்சைக் கோடு கோடாக ஓடும். அசுவினி ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. தூரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றுதான் வழி. எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருசம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் என்னிடம் கன்று கேட்டிருந்தார். சொன்னால் கன்று போகாது. நாலு தூர் காய்ப்பும் போகும். வெளியே தெரிகிற இலையை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கன்றையும் கொடுத்தேன்.

அடுத்தடுத்த வருசத்தில் அவர் தோட்டத்தில் மேற்கு ஓரம் பூராவும் பிடுங்க வேண்டி வந்தது. என்னுடையதிலும் நாலு தூர் நாற்பதுக்குமேல் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்று மட்டும் ஒருநாள் ஜீப்பில் வரும்போது சொன்னார். இன்றைக்கும் போடி மெட்டில் அவர் வண்டியைப் பார்த்தால் எனக்குத் தலை குனியும்.

நான் ஏன் சொல்லவில்லை? அறியாமையால் இல்லை. சொன்னால் நட்டம் எனக்கு மட்டும், சொல்லாவிட்டால் நட்டம் எல்லாருக்கும் பங்கு. இந்தக் கணக்குதான். மண்டபத்து மீனவருக்கும் இதே கணக்கு. இந்தக் கணக்கை மாற்றாமல் செயலி மேல் செயலி விட்டாலும் அது கைபேசியில் தூங்கும். பயிருக்கும் 2024 ஆகஸ்ட் 15-ல் தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலி வந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினால் என்ன பூச்சி, என்ன செய்யலாம் என்று சொல்லும். நல்லதுதான். ஆனால் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்குத் தெரிய வேண்டியது அதில் எங்கே தெரிகிறது?

முன்னாலே எண்ணாவிட்டால் பின்னாலே எண்ணுவார்கள்

நாம் எண்ணாவிட்டால் யாருமே எண்ண மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கடைசியில் எண்ணுவார்கள். சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயைச் சோதித்து, 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் வரம்புக்குமேல் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கிக் கிடந்தன. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குள் பாயசம் வீணாகிவிட்டது, நம் மலை ஏலக்காயின் பெயரும் கெட்டுவிட்டது.

தோட்டத்தில் இலைப்பேனை எண்ணாமல், நாள் கணக்கு வைத்து மருந்தடித்ததன் முடிவு அது. மருந்துக்கடைக்காரர் சொல்கிற நாள், வேலையாள் கிடைக்கிற நாள், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் சத்தம் கேட்கிற நாள் என்றுதான் அடிக்கிறோம். பேன் இருக்கிறதா என்று பார்த்து அடிப்பவர் எத்தனை பேர்? செடியில் எண்ண வேண்டியதை எண்ணாமல் விட்டதால், காயில் நச்சை எண்ணினார்கள். மீனிலும் இறாலிலும் இதே நடக்கும். பண்ணையில் ஒட்டுண்ணியை எண்ணாவிட்டால், துறைமுகத்தில் மருந்து எச்சத்தை எண்ணிக் கண்டெய்னரைத் திருப்பி அனுப்புவார்கள். முன்னாலே எண்ணுவதற்கு ஆகும் செலவு அரை நாள் வேலை. பின்னாலே எண்ணப்படுவதற்கு ஆகும் செலவு ஒரு போகம்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று. கூண்டுகள் பெருகும் முன்னாலேயே, கடல் மீன் பண்ணைகளில் ஒட்டுண்ணியை இத்தனை நாளுக்கு ஒரு முறை எண்ண வேண்டும் என்று விதி வர வேண்டும். நார்வேயின் 0.5 நமக்கு ஆகாது. அது குளிர்க்கடல் சால்மனுக்கு. கடல்விராலுக்கும் கொடுவாவுக்கும் நம் கடல் சூட்டுக்கும் என்ன வரம்பு என்பதை மண்டபம் விஞ்ஞானிகளும் மீனவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

இரண்டு. எண்ணியது ஊருக்குத் தெரிய வேண்டும். தமிழில், கூண்டு வாரியாக, மீன் இறங்குதளத்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். டில்லி கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு பாம்பன் மீனவனுக்குப் பயன்படாது.

மூன்று. பண்ணைக்காரர் எண்ணுவதோடு, அயர்லாந்து மாதிரி வெளியாள் வந்தும் எண்ண வேண்டும். அந்த வெளியாள் அந்தக் கரையிலேயே பயிற்சி பெற்ற மீனவப் பிள்ளையாக இருக்கட்டும். வேலையும் கிடைக்கும், நம்பிக்கையும் இருக்கும்.

நான்கு. முதலில் சொன்னவனுக்குத் தண்டனை கூடாது, ஆதரவு வேண்டும். நோயைச் சொல்லி மீனை முன்கூட்டியே எடுத்தவருக்கும், தூரைப் பிடுங்கியவருக்கும் இழப்பீடு வேண்டும். மறைத்துவைத்து அடுத்தவருக்குப் பரப்பியவருக்கு அபராதம் வேண்டும். இப்போது நடைமுறை தலைகீழாக இருக்கிறது. சொன்னவன் நட்டப்படுகிறான், மறைத்தவன் தப்பிக்கிறான்.

ஐந்து. எண்ணிக்கை கூடினால் மருந்தைக் கூட்டாமல் அடர்த்தியைக் குறைக்க வேண்டும். கூண்டில் மீனைக் குறை, கூண்டுக்குக் கூண்டு இடைவெளி விடு, ஒரு பகுதி முழுவதும் ஒரே காலத்தில் அறுவடை செய்து கொஞ்ச நாள் வெறுமையாகப் போடு. இது கடலுக்குத் தரிசு. நிலத்துக்குத் தரிசு விட்ட பாட்டன்மாருக்கு இது புதிதா என்ன? எண்ணுவதே இதற்காகத்தான். வெறும் மருந்தடிக்க நாள் குறிப்பதற்கு எண்ணுவதாக இருந்தால் எண்ணவே வேண்டாம்.

இதையெல்லாம் அரசிடம் கேட்பதற்கு முன்னால் நம்மிடம் தொடங்கலாம். கட்டே நோய் சம்பவத்துக்குப் பிறகு, நானும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்து பேரும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தர் தோட்டத்தை இன்னொருத்தர் பார்ப்பது. ஏனென்றால் சொந்தத் தோட்டத்தில் கண் தானாகவே மூடிக்கொள்ளும். பொறுக்காமல் 10 தூர். சரத்தில் இலைப்பேன் எத்தனை, துளைப்பான் ஓட்டை எத்தனை, கட்டே உண்டா, தேனீ வருகிறதா. ஒரு பழைய டைரியில் எழுதி ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டுவது. முதல் வாரம் எல்லாருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது யார் தோட்டத்தில் கூடினாலும் மற்றவர்கள் போய்க் காய்ந்த தோகையையும் சருகையும் உரித்தெடுக்கக் கைகொடுக்கிறோம். ஏனென்றால் பேன் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். ஆறு பேரில் நாலு பேர் இன்னும் மருந்தடிக்கிறவர்கள். ஆனால் எண்ணாமல் அடிப்பதில்லை. அதிலேயே தெளிப்பு குறைந்துவிட்டது.

கன்று வாங்கி நட்டப்பட்ட அந்த அண்ணனும் ஆறு பேரில் ஒருத்தர். என் தோட்டத்தைப் பார்க்கிறவர் அவர்தான். நான்தான் அவரைக் கேட்டேன். வாராவாரம் டைரியில் கட்டே என்ற இடத்தில் பூச்சியம் என்று எழுதிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

வருகிற தை அமாவாசைக்கும் ராமேசுவரம் போவதாக இருக்கிறேன். போகும்போது அந்த மண்டபத்து மீனவருக்கு ஒரு டைரி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.